பேர் போட்ட டப்பா வீடு திரும்பும்: வெள்ளிமலை பஸ் சொல்லிக்கொடுத்த பாடம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் வந்ததுமே காற்று மாறும். அப்புறம் வளைவுகள்தான். வளைவுக்கு வளைவு மொபைலில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். பாட்டு நின்றுபோகும். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பிப்பீர்கள்.

நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டே போனேன். பார்த்த மயக்கத்தில் வெள்ளிமலையில் வெறுங்கையோடு இறங்கிவிட்டேன். பை மேலே கம்பித் தட்டிலேயே இருந்துவிட்டது. பஸ் அங்கே நிற்காமல் உள்ளே இருக்கும் ஊர்களுக்குக் கிளம்பிவிட்டது. எனக்கு உறைத்தபோது பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

பையில் என்ன இருந்தது? ஒரு பவர் பேங்க், சார்ஜர், இயர்பட்ஸ், குறிப்பு எழுதும் நோட்டு, மதியச் சாப்பாடு இருந்த சில்வர் டிபன் பாக்ஸ். கூடவே, 'தொலைந்தால் கண்டுபிடித்துக் கொடுக்கும்' என்று ஆன்லைனில் வாங்கிய குட்டி ப்ளூடூத் டேக். மொபைலைத் திறந்து பார்த்தேன். டேக் கடைசியாக இருந்த இடம் என்று அது காட்டியது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை!

நாலு மணி வாக்கில் அந்த பஸ் திரும்பி வந்து போயிருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய்க் கேட்டேன். கடைக்கார அக்கா உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உள்ள டப்பா இருக்குல்ல, அது மேல என்னா பேரு போட்ருக்கும்மா? சொல்லு பாப்போம்" என்றார்.

அம்மாவின் இனிஷியலையும் பெயரையும் சொன்னேன். "கண்டக்டர் அண்ணன் அதக் கேட்டுட்டுத்தான் குடுக்கச் சொன்னாரு" என்று சிரித்தபடி பையை நீட்டினார்.

ஆயிரக்கணக்கில் விலைபோட்டு வாங்கிய எதிலும் என் பெயர் இல்லை. பெயர் இருந்தது, அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த அந்தப் பழைய டப்பாவில் மட்டும்தான். அது இல்லாமல் போயிருந்தால் அந்தப் பை என்னுடையது என்பதை நான் எப்படி நிரூபித்திருப்பேன்? இதைத்தான் இறங்கும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். இப்போது உங்களையும் யோசிக்கச் சொல்கிறேன். உங்கள் பையில் இப்போது இருக்கும் பொருட்களில் எத்தனைக்கு 'இது இன்னாருடையது' என்று சொல்லத் தெரியும்?

பேர் வெட்டின காலம்

நம் வீடுகளில் இது ஒரு பெரிய விஷயமாகவே இருந்தது. பாத்திரக் கடையில் குடம் வாங்கினால், "பேர் வெட்டணுமா?" என்பதுதான் பில் போடுவதற்கு முந்தைய கேள்வி. முன்பு சின்ன உளியும் சுத்தியும் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். பிறகு கரண்டில் ஓடும் பேனா மாதிரியான மெஷின் வந்தது. பெயர், இனிஷியல், ஊர், சில சமயம் தேதி. சீர் பாத்திரம் என்றால் கொடுத்தவர் பெயரும் சேரும். கல்யாண வீட்டுக்கு, கோயில் பொங்கலுக்கு, துக்க வீட்டுக்கு என்று தெருவே பாத்திரத்தைக் கொடுத்து வாங்கிய காலம் அது. எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரி சில்வர் தூக்கு. பெயர் இல்லாவிட்டால் எது யாருடையது என்று சண்டைதான் மிஞ்சும்.

துணிக்கும் அப்படித்தான். சலவைக்குப் போகும் துணியின் ஓரத்தில் சலவைத் தொழிலாளர்கள் ஒரு குறி வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு குறி. நூறு வீட்டு வேட்டியும் ஒரே ஆற்றில் நனையும். மாலையில் அது அது அந்தந்த வீட்டுக்கே போய்ச் சேரும். அந்தக் குறியை வைக்க சேராங்கொட்டையின் சாற்றைப் பயன்படுத்தினார்கள். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாத கறை அது. தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும் என்பதால் கையாளுவதற்குப் பழக்கம் வேண்டும்.

மாட்டுக்கு இன்றைக்கும் இருக்கிறது. மேய்ச்சலுக்குப் போகும் பசுவின் காதில் மஞ்சள் நிற வில்லை ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது 12 இலக்க எண். 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் தடுப்பூசியோடு சேர்த்து நாடு முழுக்க இந்தக் காதுவில்லை போடப்படுகிறது. எந்த மாடு, யாருடையது, எப்போது ஊசி போட்டது என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துப் பதிவாகிறது. நோய்க் கணக்குக்காக வந்ததுதான். ஆனாலும் வழிதவறிப் போன மாடு யாருடையது என்று கேள்வி வந்தால், பதில் சொல்ல அதனிடம் ஒரு அடையாளம் இருக்கிறது.

பாத்திரம், வேட்டி, மாடு எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. நம் தலைமுறையின் 25,000 ரூபாய் மொபைலுக்கும் 3,000 ரூபாய் இயர்பட்ஸுக்கும் இல்லை. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை. ஒரு ஹாஸ்டல் அறையில் நாலு சார்ஜர் இருந்தால் நாலும் ஒரே முகம். ஸ்கூல் வரைக்கும் நோட்டில் லேபிள் ஒட்டி, பெயர், வகுப்பு, பிரிவு எழுதிய நாம், காலேஜுக்குப் போனதும் அதைக் குழந்தைத்தனம் என்று விட்டுவிட்டோம். பொருளின் விலை ஏற ஏற, அதில் பெயர் எழுதும் பழக்கம் மட்டும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

உங்கள் மொபைலுக்குப் பிறவியிலேயே ஒரு பெயர் உண்டு

மொபைலில் *#06# என்று டயல் செய்து பாருங்கள். 15 இலக்க எண் ஒன்று வரும். அதுதான் ஐஎம்இஐ. டூயல் சிம் மொபைல் என்றால் இரண்டு எண்கள். தொழிற்சாலையிலேயே வெட்டப்பட்ட பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிம் மாற்றினாலும் அது மாறாது.

அந்தப் பெயரைப் படிக்கத் தெரிந்த ஓர் ஏற்பாட்டை மத்திய தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கிறது. சிஇஐஆர் என்று பெயர். 2019-ல் சில பகுதிகளில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' தளத்தோடு நாடு முழுக்க வந்தது. மொபைல் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அந்தப் புகார் நகலோடு இதில் பதிவு செய்ய வேண்டும். ஐஎம்இஐ முடக்கப்படும். அதன்பின் எந்த சிம்மைப் போட்டாலும் அந்த மொபைல் இந்திய நெட்வொர்க் எதிலும் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால், அந்தத் தகவல் போலீஸுக்குப் போகும். மாவட்டத்துக்கு மாவட்டம் எஸ்.பி அலுவலகத்தில் மீட்கப்பட்ட மொபைல்களை மேஜை மேல் வரிசையாக அடுக்கி, உரியவர்களிடம் கொடுக்கும் போட்டோக்களைச் செய்தியில் பார்ப்பீர்களே, அதன் பின்னால் பெரும்பாலும் இந்த ஏற்பாடு இருக்கும்.

2025 கடைசியில் இதே சஞ்சார் சாத்தி பெரிய சர்ச்சையில் சிக்கியது நினைவிருக்கும். இனி விற்பனைக்கு வரும் எல்லா மொபைலிலும் அந்த ஆப்பை முன்கூட்டியே போட்டுத் தர வேண்டும் என்று நவம்பர் 28-ம் தேதி தயாரிப்பு நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. தொலைந்த மொபைலைக் கண்டுபிடிக்கத்தான் என்றது அரசு. 'எங்கள் மொபைலுக்குள் அரசாங்கத்தின் கண் எதற்கு?' என்று கேட்டார்கள் எதிர்க்கட்சிகளும் தனியுரிமை ஆர்வலர்களும். ஒரே வாரத்துக்குள், டிசம்பர் 3-ம் தேதி, கட்டாயம் என்பது திரும்பப் பெறப்பட்டது.

அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. அதைப் பிரித்துப் பார்ப்பது நமக்கு முக்கியம். ஒரு பொருளில் நான் என் பெயரை எழுதுவது என் விருப்பம். எதை எழுதுவது, எங்கே எழுதுவது, எப்போது அழிப்பது எல்லாம் என் கையில். வேறொருவர் வந்து என் பொருளில் எழுதி, 'உன் நன்மைக்குத்தான்' என்றால், அது பெயர் வெட்டுவதில் சேராது. காதுவில்லை போடுவதில் சேரும்.

அதே நேரத்தில் எண்களையும் பாருங்கள். அந்தச் சர்ச்சை நடந்தபோது அரசு சொன்ன கணக்குப்படி, அதுவரை முடக்கப்பட்ட மொபைல்கள் 42 லட்சத்துக்கும் மேல். எங்கே இருக்கின்றன என்று தடம் தெரிந்தவை சுமார் 26 லட்சம். மீட்கப்பட்டவை 7 லட்சத்துக்கும் மேல். அக்டோபர் மாதத்தில் மட்டும் 50,000. ஏழு லட்சம் பேருக்கு மொபைல் கிடைத்தது நிச்சயம் பெரிய விஷயம்தான். ஆனால், தடம் தெரிந்த 26 லட்சத்துக்கும் கைக்கு வந்த 7 லட்சத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கவனியுங்கள். இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டர் வேலை. உரியவர் கையில் சேர்ப்பது இன்றைக்கும் மனிதர் வேலை. யாரோ ஒருவர் போக வேண்டும், கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும்.

கொடுப்பார்களா நம்ம ஆளுங்க?

"பேர் எழுதி என்ன பிரயோஜனம்? எடுத்தவன் எங்கே கொடுக்கப்போறான்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இதையே ஓர் ஆய்வாகச் செய்திருக்கிறார்கள். 2019-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியானது. இந்தியா உட்பட 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். பேங்க், தியேட்டர், ஹோட்டல், தபால் நிலையம் மாதிரியான இடங்களுக்குப் போய், கவுன்டரில் இருப்பவரிடம் "வெளியே கிடந்தது, நீங்க பாத்துக்கோங்க" என்று கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற பர்ஸ். அதில் ஒரு சாவி, கடைச் சாமான் லிஸ்ட், உரிமையாளரின் பெயரும் இமெயிலும் உள்ள விசிட்டிங் கார்டுகள். சிலவற்றில் பணமும் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். பணம் இல்லாத பர்ஸ்களில் சுமார் 40 சதவிகிதத்துக்குத் தொடர்பு கொண்டார்கள். பணம் இருந்தவற்றில் சுமார் 51 சதவிகிதம். மூன்று நாடுகளில் இன்னும் பெரிய தொகை வைத்துப் பார்த்தபோது அது இன்னும் ஏறியது. தொகை கூடக்கூட, 'இதை வைத்துக்கொண்டால் நான் திருடன்' என்ற உறுத்தலும் கூடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். சாவி இருந்த பர்ஸ் கூடுதலாகத் திரும்பியது. சாவியால் எடுத்தவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. தொலைத்தவருக்கோ அது இல்லாமல் முடியாது. அடுத்தவர் கஷ்டத்தை நினைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வு நடக்கவே ஒரு விஷயம் தேவைப்பட்டது. எல்லா பர்ஸிலும் ஒரு பெயரும் தொடர்புகொள்ள ஒரு வழியும் இருந்தன. அது இல்லாவிட்டால் ஊரில் எத்தனை நல்லவர்கள் இருந்தும் பயன் இல்லை. கொடுக்க நினைப்பவருக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரிய வேண்டும் இல்லையா?

பெயர் இருந்தால் சட்டமும் மாறும்

இது பலருக்கும் தெரியாத விஷயம். கீழே கிடந்த பொருளை எடுப்பது மட்டுமே குற்றம் ஆகாது. பாதுகாத்து உரியவரிடம் கொடுக்க எடுத்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், தனக்கென்று வைத்துக்கொண்டால்தான் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 403. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-வது பிரிவு. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு.

சட்டமே தரும் உதாரணங்கள் சுவாரஸ்யமானவை. சாலையில் கிடக்கும் ஒரு ரூபாயை, யாருடையது என்று தெரியாமல் ஒருவர் எடுக்கிறார். குற்றம் இல்லை. இன்னொருவருக்கு ஒரு கடிதம் கிடைக்கிறது, உள்ளே ரூபாய் நோட்டு. கடிதத்தின் முகவரியைப் படித்ததும் அது யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. அப்படியும் நோட்டை வைத்துக்கொண்டால் குற்றம். இரண்டிலும் கிடைத்தது பணம்தான். இரண்டாவதில் கூடவே ஒரு முகவரி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் பையில் நீங்கள் ஒட்டும் இரண்டு ரூபாய் லேபிள், எடுத்தவரிடமிருந்து 'எனக்குத் தெரியாதே' என்ற பதிலைப் பறித்துவிடுகிறது.

எடுத்துக் கொடுப்பவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், கிடைத்த பொருளைப் பொறுப்பெடுத்துக்கொண்டவர் அதை ஒப்படைக்கப்பட்ட பொருள்போலவே பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 71-வது பிரிவு சொல்கிறது. பொருளைப் பாதுகாக்கவும் உரியவரைத் தேடவும் செலவு ஆகியிருந்தால், அது கைக்கு வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்கலாம் என்கிறது 168. 'கண்டுபிடித்துத் தந்தால் இவ்வளவு' என்று நீங்கள் சன்மானம் அறிவித்திருந்தால், அதைக் கேட்டு வழக்குப் போடும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆகவே ஸ்டேட்டஸில் 'தக்க சன்மானம்' என்று போடும்போது யோசித்துப் போடுங்கள்!

ஜப்பானில் இதை ஒரு படி மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கிடைத்ததைப் போலீஸிடம் கொடுத்தவருக்குப் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவிகிதம் வரை சன்மானம் கேட்க உரிமை. மூன்று மாதத்தில் யாரும் வராவிட்டால் பெரும்பாலான பொருட்கள் எடுத்தவருக்கே. 2023-ல் டோக்கியோ போலீஸிடம் மட்டும் வந்து சேர்ந்த பொருட்கள் 40 லட்சத்துக்கும் மேல். ஜப்பான்காரர்கள் நல்லவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கொடுப்பதற்குத் தெருமுனையிலேயே ஒரு சின்ன போலீஸ் சாவடி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலையில் ஒரு ஃபைல் தொலைந்தால்...

மறுபடி வெள்ளிமலைக்கு வருவோம். கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் இதுதான். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது வந்த வட்டம். சுற்றியுள்ள சிற்றூர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். மரவள்ளி, சாமை, கடுக்காய், தேன் என்று மலையை நம்பிய வாழ்க்கை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றித் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்கும் அளவுக்கு இங்கே அடிப்படை வசதிகள் பின்தங்கியிருந்தன.

எனக்குத் தொலைந்தது ஒரு பவர் பேங்க். போனால் திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்கியிருப்பேன். அந்த பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கும் ஒருவர் மடியில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரை நினைத்துப் பாருங்கள். பையனின் காலேஜ் அட்மிஷனுக்கான மார்க்‌ஷீட், ஆதார், ரேஷன் கார்டு, பட்டா நகல், சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுப்பதில்லை. ஆர்.டி.ஓ நிலையில் இருக்கும் அதிகாரி விசாரித்துத்தான் கொடுப்பார். அதை வாங்குவதற்குள் எத்தனை முறை மலை இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்று வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், இட ஒதுக்கீடு எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்குகிறது. அந்த கவரின் மேல் பெரும்பாலும் ஏதாவது ஜவுளிக் கடையின் பெயர்தான் இருக்கும். சொந்தக்காரரின் பெயர் இருக்காது.

தாளுக்குள் பெயர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் போன் நம்பர் இல்லை. முகவரி என்பது ஒரு மலைக் கிராமத்தின் பெயர். கண்டெடுத்தவர் கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ இருந்தால், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கவரின் உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு போன் நம்பர் இருந்திருந்தால், ஒரு நிமிஷ வேலை.

இந்த மலையில் ப்ளூடூத் டேக் ஏன் கைவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த டேக்கில் சிம் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகிற வருகிற யாருடைய மொபைலாவது அதன் சத்தத்தைப் பிடித்து, இன்டர்நெட் வழியாக இடத்தை அனுப்ப வேண்டும். ஆண்ட்ராய்டில் வழக்கமாக இருக்கும் செட்டிங், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் மட்டும்தான் உதவும். பல மொபைல்கள் ஒரே டேக்கைப் பார்த்தால்தான் இடத்தைக் காட்டும். தனியுரிமைக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், சரிதான். ஆனால், சென்னை மாலில் வேலை செய்யும் டேக், சிக்னல் இல்லாத மலை வளைவில் வெறும் பிளாஸ்டிக் வில்லை. க்யூஆர் ஸ்டிக்கரும் அப்படியே. ஸ்கேன் செய்ய நெட் வேண்டும். விற்ற கம்பெனி கடையை மூடிவிட்டால் ஸ்டிக்கரும் செத்தது. ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய பெயருக்கு சார்ஜும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

உடனே எல்லாவற்றிலும் முழு ஜாதகத்தை எழுதிவிடாதீர்கள். இதில் கவனம் வேண்டும். குறிப்பாகப் பெண்களுக்கு.

* பையின் வெளியே பெயர், நம்பர் வேண்டாம். வெளியே ஒரு ரிப்பன், ஒரு நிற நூல், இனிஷியல் போதும். யாராவது மாற்றி எடுத்துப் போகாமல் இருக்க அதுவே உதவும். பெயரும் நம்பரும் ஜிப்பைத் திறந்தால் தெரியும் இடத்தில், உள்ளே இருக்கட்டும்.

* உங்கள் நம்பரை விட வீட்டிலுள்ள ஒருவரின் நம்பர் நல்லது. அப்பா, அண்ணன், சித்தி, யாராவது. மொபைலும் பையோடு போயிருந்தால் உங்கள் நம்பரை எழுதி என்ன லாபம்? பையே உங்களுக்கு போன் பண்ணிக்கொள்ளும்! நம்பர் கொடுக்கத் தயக்கம் என்றால் இதற்கென்றே ஒரு இமெயில் வைத்துக்கொள்ளுங்கள்.

* வீட்டு முகவரியையும் வீட்டுச் சாவியையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

* ஆதார் எண், பேங்க் விவரம், பிறந்த தேதி எதுவும் லேபிளில் வேண்டாம். ஆதார் நகல் வைத்தே ஆகவேண்டும் என்றால், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். ஏடிஎம் கார்டு பின்னால் பின் நம்பர் எழுதுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதை அழியுங்கள்.

* ஒரு அடையாளத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடை அக்கா கேட்டாரே, அந்த மாதிரி. பையின் உள் தையலில் ஒரு சிவப்பு முடிச்சு, பவர் பேங்க் அடியில் ஒரு கீறல். 'என்னுடையதுதான்' என்று நிரூபிக்க அது உங்களுக்குத் தேவைப்படும். குழுவில் 'பை கிடைத்தது' என்று போட்டோ வந்ததும் நாலு பேர் சொந்தம் கொண்டாடுவது நடக்கிற கதைதான்.

* மொபைலின் லாக் ஸ்கிரீனில் ஒரு வரி எழுதும் வசதி பெரும்பாலான மொபைல்களில் இருக்கிறது. 'கிடைத்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று வீட்டு நம்பரைப் போடுங்கள். ஐஎம்இஐ எண்ணையும் வாங்கிய பில்லையும் போட்டோ எடுத்து, மொபைலுக்கு வெளியே வேறு எங்காவது வையுங்கள்.

* ஒரிஜினல் சான்றிதழில் எதையும் எழுதாதீர்கள். ஃபைலுக்கு லேபிள் ஒட்டுங்கள். முடிந்தவரை ஒரிஜினல் வீட்டில், நகல் பையில். டிஜிலாக்கரில் கிடைக்கும் ஆவணங்களை இறக்கி வைத்துவிட்டால் பாதி பயம் போகும்.

* நம்பர் மாற்றினால் லேபிளையும் மாற்றுங்கள். கைவிட்ட சிம் நம்பர், 90 நாள் கழிந்த பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். உங்கள் பை கிடைத்தவர் யாரோ ஒருவரை அழைத்து, அவர் 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுவார்.

தொலைந்தே போனால்? முதலில் சிம்மை பிளாக் செய்யுங்கள். யுபிஐ, ஓடிபி எல்லாம் அதில்தான் ஓடுகிறது. பணம் போனதாகத் தெரிந்தால் உடனே 1930. ஆவணம் என்றால் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் 'லாஸ்ட் டாகுமென்ட் ரிப்போர்ட்' பதிவு செய்யலாம். மாற்று ஆவணம் வாங்க அது உதவும். மொபைல் என்றால் புகாரும் சிஇஐஆர் பதிவும். பிறகு ஒரு எச்சரிக்கை: மொபைல் தொலைந்த சில நாளில் 'உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கவும்' என்று மெசேஜ் வந்தால் தொடாதீர்கள். பூட்டைத் திறக்க முடியாத திருடன் உங்களிடமே சாவி கேட்கும் தந்திரம் அது.

உங்களுக்குக் கிடைத்தால்?

ஒரு நாள் நீங்கள் அந்த கண்டக்டர் அண்ணன் இடத்தில் இருப்பீர்கள். அப்போது என்ன செய்வது?

பஸ்ஸில் கிடைத்தால் கண்டக்டரிடம், இல்லையேல் டிப்போவில். ரயிலில் என்றால் ஆர்பிஎஃப் அல்லது 139. 'ஆபரேஷன் அமானத்' என்ற பெயரில் பயணிகள் விட்டுச்சென்ற பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை ஆர்பிஎஃப் செய்கிறது. முகவரி உள்ள அடையாள அட்டை என்றால் தபால் பெட்டியில் போட்டாலும் தபால் துறை அனுப்பிவைக்கும் வழக்கம் உண்டு. மதிப்புள்ள பொருள் என்றால் பக்கத்துக் காவல் நிலையம்.

சோஷியல் மீடியாவில் போடுவதாக இருந்தால், அடையாள அட்டையை அப்படியே போட்டோ எடுத்துப் போடாதீர்கள். ஆதார் எண்ணும் முகவரியும் ஊர் முழுக்கச் சுற்றும். பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லுங்கள். பொருளின் ஒரு விவரத்தை மறைத்து வைத்துக்கொண்டு, கேட்டு வருபவரிடம் அதைக் கேளுங்கள். வெள்ளிமலை டீக்கடையில் ஆப் எதுவும் இல்லாமல் நடந்தது அதுதான்.

ஊருக்கு வந்ததும் அந்த டப்பாவைக் கழுவும்போது அம்மாவிடம் கதையைச் சொன்னேன். அம்மா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "பேர் போட்ட பாத்திரம் எங்கடி போயிடும்?" என்றார். கேட்டுவிட்டு, என் பவர் பேங்க்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஏன் ஒண்ணும் எழுதல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பேனா எடுத்து வந்தேன்.